கொத்தனார் மகள் பி.ஆர்க் படிக்கலாமா? வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கட்டிங் மாஸ்டர் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அப்பா கொத்தனார், அம்மா அவர் கூடவே சித்தாள் வேலைக்குப் போவார். தங்கச்சி அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன், கணக்கு - கம்ப்யூட்டர் குரூப், தமிழ் மீடியம். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளிதான்.

அவள் பி.ஆர்க், அதாவது கட்டடம் வடிவமைக்கிற படிப்பு, அதைத்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அப்பா அடுத்த தெருவில் ஒரு வீட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் கொடுத்த பிளான் தாளை இவள் வாங்கிப் பார்த்துவிட்டு, "கக்கூஸ் கதவை வெளியே திறந்தா மாடிப்படி ஏறுற ஆள் மேல இடிக்கும்ப்பா" என்றாள். மறுநாள் அப்பா நூல் பிடித்து அளந்து பார்த்தார். அவள் சொன்னது சரி. வீட்டுக்காரரிடம் பேசிக் கதவை உள்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து அப்பாவுக்கும் ஆசை வந்துவிட்டது.

சொந்தக்காரர்கள்தான் விடவில்லை. "சிவில்னா நாலு வருஷம், இது அஞ்சு வருஷம். பணக்கார வீட்டுப் பிள்ளைங்க படிக்கிற படிப்பு, நமக்கு எதுக்கு" என்கிறார்கள். திருநெல்வேலியில் ஒரு பயிற்சி மையத்தில் விசாரித்தால் என் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கேட்கிறார்கள். என்ன பரீட்சை, உண்மையில் எவ்வளவு செலவாகும், தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளையால் அங்கே தாக்குப்பிடிக்க முடியுமா? கேட்பதற்கு இந்தத் துறையில் எங்களுக்கு ஒருத்தரையும் தெரியாது. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

---

சைட் இன்ஜினியர்

தம்பி, மனதில் பட்டதைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பி.ஆர்க் முடித்து வருகிற பிள்ளைகளின் முதல் சம்பளம் ரொம்பக் குறைவு. சொந்தமாக ஆபீஸ் போட்டால் வேலை கொடுக்க மாமா, சித்தப்பா, அப்பாவின் நண்பர் என்று வசதியான வட்டம் வேண்டும். நம்மைப் போன்ற வீட்டுக்கு அது ஏது? சிவில் என்றால் டி.என்.பி.எஸ்.சி. உதவிப் பொறியாளர் தேர்வு எழுதலாம், பொதுப்பணித் துறை, நெடுஞ்சாலை என்று நாலு கதவு இருக்கிறது. பாப்பாவுக்கு வரையப் பிடித்தால் சிவில் படித்துவிட்டு கம்ப்யூட்டரில் பிளான் வரைகிற ஆட்டோகேட் கற்றுக்கொள்ளட்டும்.

---

முற்றம்

தம்பி, கக்கூஸ் கதவு விஷயத்தைப் படித்ததும் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். நான் மதுரையில் சின்ன ஆபீஸ் வைத்திருக்கும் ஆர்க்கிடெக்ட். விருதுநகர் மாவட்டத்தில் தமிழ் மீடியத்தில் படித்தவள். அப்பாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிற வேலை. அதனால் நீங்கள் கேட்டது ஒவ்வொன்றும் எங்கள் வீட்டிலும் ஒருகாலத்தில் கேட்ட கேள்விதான்.

முதலில் சைட் இன்ஜினியர் அண்ணனுக்கு. முதல் சம்பளம் பற்றி அவர் சொன்னது முழு உண்மை. ஆனால் சிவில் படித்து ஆட்டோகேட் கற்றால் இதுவும் அதுவும் ஒன்று என்பதை என்னால் ஏற்க முடியாது. 1972ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்து, ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள முடியும். அதைவிட முக்கியம், வேலையே வேறு. கட்டடம் விழாமல் நிற்க வைப்பது ஒரு படிப்பு. அதற்குள் மனுஷர் எப்படி நடப்பார், எங்கே உட்காருவார், எந்தக் கதவு யார் மேல் இடிக்கும் என்று பார்ப்பது இன்னொரு படிப்பு. உங்கள் தங்கச்சிக்குக் கண் எதில் போகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்.

பரீட்சைக்குப் பெயர் நாட்டா. கவுன்சில் நடத்துவது. 2024, 2025 முறையில் மொத்தம் 200 மதிப்பெண்: கையால் வரைவதும் செய்து காட்டுவதும் 80, கம்ப்யூட்டரில் எழுதுவது 120. பிளஸ் டூவில் இயற்பியலும் கணக்கும் கட்டாயம், அவளுக்கு இரண்டும் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கவுன்சிலிங்கில் பிளஸ் டூ மதிப்பெண்ணை 200க்கு மாற்றி, நாட்டாவின் 200ஐயும் கூட்டி, 400க்கு ரேங்க் போடுவார்கள். ஆக, பாதி அவள் பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறது. இதைப் பயிற்சி மையத்தில் சொல்ல மாட்டார்கள். திருச்சி என்.ஐ.டி.க்கு மட்டும் வழி வேறு, அதற்கு ஜே.இ.இ. இரண்டாம் தாள் எழுத வேண்டும். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பள்ளி 1957லிருந்து இருக்கிறது. அரசுக் கட்டணத்தில் படிக்க முதலில் குறிவைக்க வேண்டிய இடம் அதுதான்.

இப்போது செலவு. காலேஜ் பீஸை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இந்தப் படிப்பில் பீஸ் ரசீதில் வராத செலவுதான் ஏழைப் பிள்ளையின் கழுத்தைப் பிடிக்கும். ஒவ்வொரு செமஸ்டரும் டிசைன் பாடத்துக்கு ஷீட் வரைய வேண்டும், மாடல் செய்ய வேண்டும். மவுண்ட் போர்டு, பாம் போர்டு, கட்டர் பிளேடு, பசை, கடைசி நாளில் ஏ1 அளவுத் தாளில் பிரிண்ட் எடுக்கிற காசு என்று போய்க்கொண்டே இருக்கும். எங்கள் வகுப்பில் ஒரு பெண் நாடு முழுக்கத் தேடி வாங்கிய மரத்தகட்டில் மாடல் செய்வாள். நான் சீனியர்கள் ஸ்டுடியோவில் விட்டுப்போன துண்டு போர்டுகளைப் பொறுக்கி, வெட்டிய விளிம்பு வெளியே தெரியாமல் திருப்பி ஒட்டுவேன். மதிப்பெண் போடும்போது ஐடியாவையா பார்த்தார்கள், போர்டையா பார்த்தார்கள் என்று எனக்கு இன்றுவரை ஆற்றாமை உண்டு. முதல் வருடமே மாடலுக்கு அட்டைப்பெட்டியும் களிமண்ணும் போதும் என்று துறை முடிவெடுத்தால் ஒரு பைசா செலவில்லாமல் இந்த ஏற்றத்தாழ்வு போய்விடும். சில ஆசிரியர்கள் அப்படிச் செய்கிறார்கள், எல்லாரும் செய்ய வேண்டும்.

இரண்டாம் வருடத்தில் லேப்டாப் வாங்கியாக வேண்டும். கிராபிக்ஸ் கார்டு உள்ளதாக வேண்டும் என்பதால் ஐம்பது, அறுபதாயிரம் ஆகும். இப்போதிருந்தே அதற்கென்று தனியாகச் சீட்டுப் போடுங்கள். ஆட்டோகேட், ரெவிட் எல்லாம் மாணவர்களுக்கு இலவசமாகவே கிடைக்கிறது. காலேஜ் மெயிலை வைத்துப் பதிந்துகொள்ளலாம், யாருக்கும் காசு கொடுத்துப் போடச் சொல்ல வேண்டாம்.

இன்னொன்று பயிற்சிக் காலம். படிப்பின் நடுவே ஒரு ஆபீஸில் வேலை பழக வேண்டும், கட்டாயம். பெயர் பெற்ற ஆபீஸ்கள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கின்றன. பல இடங்களில் பெட்ரோல் காசுதான் தருவார்கள், சில இடங்களில் அதுவும் இல்லை. வாடகையும் சாப்பாடும் வீட்டிலிருந்து வருகிற பிள்ளைதான் அங்கே போக முடியும், பிறகு அந்த ஆபீஸ் பெயரைக் காட்டி அடுத்த வேலையும் அவனுக்கே கிடைக்கும். நுழைவுத் தேர்வைவிட இதுதான் பெரிய சல்லடை என்பது என் அபிப்பிராயம். பயிற்சிக்கு வருகிற பிள்ளைக்குச் சம்பளம் கொடுக்க முடியாத ஆபீஸ், பிள்ளையை எடுக்கவே கூடாது. என் ஆபீஸ் சின்னதுதான், நான் கொடுக்கிறேன். கொடுக்கிற மற்ற ஆபீஸ்களும் உண்டு, கேட்டுத்தான் சேர வேண்டும். கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

அடுத்தது மொழி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். முதல் வருடத்தில் எங்களுக்குப் பஸ் நிறுத்தத்து நிழற்குடை ஒன்றை வடிவமைக்கச் சொன்னார்கள். ஊரில் எங்கள் ஆச்சி பூக்கூடையைத் தலையில் வைத்துப் பஸ்ஸுக்கு நிற்பாள். இறக்கி வைக்க இன்னொரு கை வேண்டும், ஏற்றிவிடவும் வேண்டும். அதை நினைத்து நிழற்குடையின் ஒரு பக்கச் சுவரைத் தோள் உயரத்தில் அகலத் திண்டாக நிறுத்தினேன். பழைய பாதைகளில் இருக்குமே சுமைதாங்கிக் கல், அதேதான். யார் உதவியும் இல்லாமல் தலையிலிருந்து நேராக நகர்த்தி வைக்கலாம், திரும்ப அப்படியே எடுக்கலாம். வரைந்ததை முன்னால் வைத்துக் கேள்வி கேட்டு மதிப்பெண் போடுகிற ஜூரி என்று ஒன்று உண்டு. அதில் வெளியிலிருந்து வந்தவர் "இந்தச் சுவர் எதற்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். என்னால் ஒரு வாக்கியம் சேர்க்க முடியவில்லை. அளவு தப்பிப்போன சுவர் என்று எழுதி நகர்ந்துவிட்டார். அடுத்த செமஸ்டரில் ஒரு மேடம் எல்லார் முன்னாலும், "தமிழில் சொல்லும்மா, எனக்குப் புரியும்" என்றார். அதற்குப் பிறகு எந்த ஜூரியிலும் என் வாயை யாரும் அடைக்க முடியவில்லை.

தமிழ்நாட்டில் கட்டடக்கலைக் கல்லூரி நடத்துகிறவர்கள், ஜூரியில் தமிழில் பேசலாம் என்று சுவரில் எழுதி ஒட்டட்டும். ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புத்தகம், விதிமுறை, டெண்டர் எல்லாம் அதில்தான் இருக்கிறது, ஐந்து வருடத்தில் வந்துவிடும், எனக்கு வந்தது. வருகிற வரைக்கும் பிள்ளையின் மூளையைப் பூட்டி வைக்கக் கூடாது.

பணக்காரர் படிப்பு என்று சொல்கிற சொந்தக்காரர்களுக்குப் பிரான்சிஸ் கெரே என்ற ஆர்க்கிடெக்டைப் பற்றிச் சொல்லுங்கள். ஆப்பிரிக்காவில் புர்கினா ஃபாசோ நாட்டில் காண்டோ என்ற கிராமம், அவர் அங்கே பிறந்தவர். தச்சு வேலை பழகியவர். உதவித்தொகையில் பெர்லின் போய், படிக்கும்போதே காசு திரட்டி, ஊர்ச் சனங்களையே வேலைக்கு வைத்து 2001இல் தன் ஊரில் பள்ளிக்கூடம் கட்டினார். மண்ணில் கொஞ்சம் சிமெண்டு கலந்து செய்த செங்கல் சுவர். அதன் மேல் செங்கல் தளம், அதற்கும் மேலே கொஞ்சம் உயரத்தில் தூக்கி வைத்த தகரக் கூரை. சூடு இடைவெளியில் வெளியே போய்விடும், வகுப்பு கொதிக்காது. தகரக் கொட்டகையில் உட்கார்ந்து படித்தவனுக்குத்தான் அது முதலில் தோன்றும். 2004இல் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது, 2022இல் இந்தத் துறையின் உச்ச விருதான பிரிட்ஸ்கர் பரிசு. ஆப்பிரிக்காவிலிருந்து அந்தப் பரிசைப் பெற்ற முதல் ஆள் அவர்.

என்னோடு படித்தவர்களில் பலருக்குச் செங்கல்லைக் கையில் எடுத்த பழக்கம் மூன்றாம் வருடம்தான் வந்தது. உங்கள் தங்கச்சி மூலைமட்டமும் தூக்குக்குண்டும் புழங்குகிற வீட்டில் வளர்ந்தவள். அஸ்திவாரத்துக்கு மூலை பார்க்க அப்பா 3, 4, 5 என்று அடி அளந்து நூல் கட்டுவார், பார்த்திருப்பாள். அதை அவள் குறைச்சலாக நினைக்க ஆரம்பித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலேஜில் முதல் மாதமே அப்படி நினைக்க வைப்பார்கள்.

---

கணக்கு வாத்தியார்

தம்பி, நான் அரசுப் பள்ளி ஆசிரியர். முற்றம் அம்மா விட்ட ஒன்றைச் சேர்க்கிறேன். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2021 சட்டத்தில் வந்தது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே ஏற்கும். கவுன்சிலிங் விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை மறக்காமல் டிக் செய்ய வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து படித்ததற்கான சான்றை, பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளியிலும் சேர்த்து, இப்போதே வாங்கி வையுங்கள். ஜூன் மாதம் ஓடினால் தலைமை ஆசிரியர் பயிற்சிக்குப் போயிருப்பார்.

வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளுங்கள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும், போர்டு வாங்கவாவது ஆகும்.

நாட்டாவில் கொடுக்கிற பொருளை வைத்து முப்பரிமாணமாக ஒன்று செய்யச் சொல்லும் பகுதி உண்டு. எங்கள் பிள்ளைகளைக் கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டிப் பழக வைக்கிறேன். அட்டை கெட்டியாக இருக்கும், ஊரில் பஞ்சமும் இல்லை. பசை இல்லாமல் மடித்தும் செருகியும் நிற்க வைக்கச் சொல்லுங்கள்.

---

டிராப்ட்ஸ்மேன்

நானும் ஒரு வார்த்தை. எனக்குச் சின்ன வயதில் போலியோ, இடது காலில் கேலிபர் போட்டு நடக்கிறவன். பாலிடெக்னிக்கில் ஆர்க்கிடெக்சர் டிப்ளமோ படித்துச் சென்னையில் ஒரு ஆபீஸில் பிளான் போடுகிறேன். டிப்ளமோவில் கணக்கு இருந்தால் அதை வைத்தும் நாட்டா எழுதலாம். ஆனால் பி.இ. மாதிரி நேரே இரண்டாம் வருடம் சேர முடியாது, முதல் வருடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். மூன்று வருடம் படித்து ஆபீஸிலும் வேலை பார்த்தவன் மறுபடி முதல் வருடம் கோடு போடப் பழகணும் என்றால் யார் போவார்? என்னைப் போல நிறையப் பேர் டிராப்ட்ஸ்மேனாகவே நின்றுவிட்டோம். இந்தக் கதவு திறந்தால் கொத்தனார் வீட்டு, தச்சர் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் மேலே வருவார்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கு 2016 சட்டத்தில் அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறது. இடம் கிடைத்து என்ன? நான் படித்த இடத்தில் வரைகூடம் இரண்டாவது மாடியில், லிப்ட் இல்லை. போர்டையும் ஷீட் சுருளையும் நண்பன் தூக்கி வருவான், நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுவேன். அதே வரைகூடத்தில்தான் சாய்தளத்துக்கு 1க்கு 12, அதாவது ஒரு அடி ஏற 12 அடி நீளம் வேண்டும் என்று எங்களுக்குப் பாடம் எடுத்தார்கள். இன்றைக்கும் என் பிளானில் இருக்கிற 18 அடிச் சாய்தளத்தை வீட்டுக்காரர்கள் கார் நிறுத்த இடம் போதவில்லை என்று ஆறு அடியாக்கச் சொல்வார்கள். நான் ஒருபோதும் ஒத்துக்கொண்டதில்லை, அந்தச் சரிவில் சக்கர நாற்காலி பின்னால் கவிழும் என்று என் உடம்புக்குத் தெரியும்.

அமெரிக்காவில் கிறிஸ் டவுனி என்று ஒரு ஆர்க்கிடெக்ட். 2008இல் பார்வை முழுதும் போய்விட்டது. பிளானைக் கோடு மேலெழும்பி நிற்கிற மாதிரி அச்செடுத்து விரலால் படித்துத் தொழிலை விடாமல் செய்கிறார். கண் இல்லாதவரே செய்கிற வேலையை நம் பிள்ளைகள் ஆங்கிலம் தெரியவில்லை, காசு இல்லை என்று விடுவதா?

---

சைட் இன்ஜினியர்

டிப்ளமோ விஷயம் எனக்கே புதுசு. 7.5 சதவீதத்தில் விடுதிக் கட்டணமும் அரசு கட்டும் என்றால் ஐந்தாவது வருடத்தைப் பற்றி உங்கள் சொந்தக்காரர்கள் சொன்ன கணக்கு கொஞ்சம் மாறுகிறது. வேலை கிடைப்பது பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை. பாப்பா வருவதானால் தெரிந்தே வரட்டும்.

---

கட்டிங் மாஸ்டர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா எழுதியதைப் போனில் தங்கச்சிக்குப் படித்துக் காட்டினேன். சுமைதாங்கி விஷயத்தில் நிறுத்தச் சொல்லித் திரும்பப் படிக்கச் சொன்னாள். சான்றிதழ் வேலையை அப்பா திங்கட்கிழமை ஆரம்பிக்கிறார். வீட்டில் நான்தான் அதிகம் படித்தவன், பிளஸ் டூ. அதனால் முதல் பட்டதாரிச் சான்றும் கிடைக்கும்.

இரண்டு சந்தேகம். பயிற்சி மையத்தில் இப்போதே சேர்க்க வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாகூட வேலை நடக்கிற இடத்துக்கு வருகிறேன் என்கிறாள், அனுப்பலாமா? அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. வெயிலில் சிமெண்டு சட்டி தூக்குவது தன்னோடு போகட்டும் என்கிறார்.

---

முற்றம்

அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது தம்பி. சட்டி தூக்க வேண்டாம், டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு போகட்டும் என்று சொல்லுங்கள், சம்மதிப்பார்.

பயிற்சி மையத்துக்கு இப்போது காசு கட்டாதீர்கள். பிளஸ் ஒன்னில் அவளுக்கு வேண்டியது கணக்கும் இயற்பியலும்தான், ரேங்கில் பாதி அது. பிளஸ் டூ அரையாண்டு முடிந்த பிறகு தேவைப்பட்டால் பார்க்கலாம். கவுன்சில் தளத்தில் நாட்டா தகவல் கையேடு இலவசமாக இருக்கிறது. வருடத்துக்கு வருடம் முறை மாறும் என்பதால் அவள் எழுதப்போகிற வருடத்துக் கையேட்டை மட்டும் நம்புங்கள்.

தினமும் ஒரு படம், கையால் மட்டும், ஸ்கேல் வைக்காமல். பஸ் ஸ்டாண்டு, மாட்டுக்கொட்டில், கோயில் மண்டபம், எது கண்ணில் பட்டாலும் சரி. அதில் மனுஷர் ஒருவராவது இருக்க வேண்டும், அப்போதுதான் அளவு பிடிபடும். ராத்திரி ஆங்கிலத்தில் இரண்டு வரி சத்தமாகச் சொல்லட்டும், இன்று என்ன வரைந்தேன், ஏன் வரைந்தேன் என்று. தப்பாக இருந்தாலும் நிறுத்த வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வேலை தருகிறேன். முதலில் உங்கள் சொந்த வீட்டை அளக்கட்டும். சுவர் கனம், ஜன்னல் தரையிலிருந்து எவ்வளவு உயரம், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, அடுப்படியில் அம்மா நிற்கிற இடத்தில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எல்லாம் குறிக்க வேண்டும். ஒரு அடிக்குக் கால் அங்குலம் என்று வைத்து வெள்ளைத்தாளில் பிளான் போடட்டும். அப்பா ஒருமுறை சரிபார்க்கட்டும், அதன் பிறகு போட்டோ எடுத்து இதே இழையில் போடுங்கள். நான் திருத்தி அனுப்புகிறேன். டிராப்ட்ஸ்மேன் தம்பி, அளவுக் கோடு எப்படிப் போடுவது என்று நீங்கள் சொல்லித் தர வேண்டும், என்னைவிட உங்கள் கை சுத்தமாக இருக்கும்.